ஏழு பத்திக் பட்டு

"பிள்ளைக்கு மேலு கொதிக்குது அத்தை. எதிர்த்தாப்புல கிளினிக் இருக்கு. பத்தே நிமிசம்..."

சாலோமி டீச்சர் கடையில் மெழுகுச் சாயம் போட்ட பத்திக் பட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே சிரித்தார்.

"கான்வென்ட்ல படிச்சா இப்படித்தான். தும்முனா டாக்டரு! நான் மூணு பெத்தேன். மூணும் மண்ணத் தின்னுதான் வளந்துச்சு. இந்தா, பையப் பிடி."

பாளையங்கோட்டையிலிருந்து ஒரே சபையார் இருபது பேர் ஜாவாவுக்கு டூர் வந்திருந்தார்கள். காலையில் யோக்யகர்த்தா அரண்மனை, மத்தியானம் கடைவீதி, சாயந்தரம் போரோபுதூர் புத்தர் கோயில். மகனுக்கு லீவு கிடைக்காததால், மருமகள் கிறிஸ்டியும் பத்து மாதப் பேத்தியும் டீச்சர் பொறுப்பில். பொறுப்பு என்றால், பாஸ்போர்ட்கூட டீச்சர் கைப்பையில்தான்.

பஸ் ஊரைத் தாண்டியது. பிள்ளை முனகியது. கிறிஸ்டி, டூர் தலைவர் எலியேசரிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, வண்டியத் திருப்பச் சொல்லுங்களேன்."

"ஒரு ஆளுக்காக இத்தனை பேரும் அலையவாம்மா? ஜெபம் பண்ணுவோம். சூடு தன்னால இறங்கிரும்."

பஸ்ஸே கண்ணை மூடி உருகியது. 'ஆமென்' சொன்ன வாய் காயுமுன் முறுக்குப் பொட்டலம் பிரிந்தது.

"பயந்தாங்கொள்ளி! நிழலக் கண்டாலும் நடுங்குதா" என்று பக்கத்து சீட் ரீபாவிடம் சொல்லிக்கொண்டே டீச்சர் காலடியைத் துழாவினார்.

"ஏட்டி, பத்திக் பை எங்க?"

கிறிஸ்டி விழித்தாள். "கடையிலயே வச்சிட்டேன் அத்தை."

"ஐயோ, ஏழு பட்டு! அண்ணாச்சி!"

"ஜெபம் பண்ணுவமா?" என்று ஆரம்பித்தார் ரீபா.

"அதெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம். முதல்ல வண்டியத் திருப்பச் சொல்லுங்க!"

எலியேசர் ஏற்கெனவே டிரைவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "பாவம், பாத்துப் பாத்து எடுத்தது" என்று பஸ் முழுக்க உச்சுக் கொட்டியது.

பஸ் நின்றதும் கிறிஸ்டி பிள்ளையை அணைத்துக்கொண்டு எதிர்ச் சாரி கிளினிக்குக்கு ஓடினாள். யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் கடையில்.

கடைக்காரப் பெண் பையை நீட்டி, கைடிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். கைடு அதை இங்கிலீஷில் சொல்ல, எலியேசர் முகம் தொங்கிப்போனது.

"என்ன சொல்லுதா அண்ணாச்சி?"

"உங்க மருமவதான் பையக் குடுத்துட்டுப் போனாளாம் டீச்சர். 'பத்திரமா வச்சிரு, இதுக்குன்னா பஸ்ஸு கண்டிப்பாத் திரும்பி வரும்'னு."