நாற்பத்தொன்றாம் லாட்

சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகள் பதினொன்றை மேசையில் தலைகீழாக நிறுத்திவைத்துவிட்டு, தோட்டாக் கம்பெனியின் பரிசோதகி லென்ஸைத் துப்பாக்கி சுடும் கிளப்பின் மேனேஜரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே!

கூட்டின் அடியில் ஊசி குத்துகிற சின்ன வட்டம், அந்த ப்ரைமர், ஓரம் உருண்டு இருக்க வேண்டும். இங்கே பதினொன்றிலும் ஓரமே இல்லை. கட்டைவிரலால் அழுத்திய மாவு மாதிரி நசுங்கிப் பரவியிருந்தது. பக்கத்தில் பித்தளையில் பளபளவென்று ஒரு தேய்ப்பு வேறு. உள்ளே அழுத்தம் எல்லை மீறினால்தான் கூடு பின்னால் வந்து, துப்பாக்கியின் பின்வாயை அடைத்திருக்கிற போல்ட்டில் இப்படி முட்டும்.

காலைப் பயிற்சியில் சுட்ட டீச்சரம்மா ஒருத்தி, போல்ட்டைத் திறக்க உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது என்று வந்து சொன்னாள். துப்பாக்கியைத் துடைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார் மேனேஜர். அது புத்தம்புதுத் துப்பாக்கி.

மூன்று மணிக்குப் போட்டி. அறுபது பேர் வெயிலில் படுத்து, கன்னத்தைத் துப்பாக்கியோடு ஒட்டிவைத்து, ஒரே தடவையில் தயாரான இதே நாற்பத்தொன்றாம் லாட்டைத்தான் சுடப்போகிறார்கள். ஒரே ஒரு கூடு பிளந்தால் போதும், கண் போய்விடும்.

"ஏம்மா, சோதனையில பாஸான சரக்கும்மா இது. இப்ப வந்து குட்டையக் குழப்பாத."

பாஸான லட்சணம் அவளுக்குத் தெரியாதா! ஒரு பகல் முழுக்கச் சூடேற்றும் பெட்டியில் வைத்துச் சுட வேண்டிய தோட்டாக்களை, ஏசி அறையிலிருந்து எடுத்த கையோடு சுட்டுப் பார்த்து 'சரி' என்று எழுதியிருந்தது. குளிரில் சாதுவாக இருக்கிற வெடிமருந்து வெயிலில் பேயாட்டம் ஆடும் என்பது தெரியாமலா? எல்லாம் சீக்கிரம் வீடு போய்ச் சேருகிற அவசரம். எழுதிய ஆளைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது அவளுக்கு.

சிவப்புச் சீட்டை எடுத்தாள். அது எழுதப்பட்டால் லாட் முழுக்க முடங்கும், போட்டியும் நிற்கும்.

மேனேஜர் சீட்டின் மேல் கையை வைத்தார். குரல் இறங்கியது.

"இத எழுதினா பாஸ் போட்டவங்க வேலை போயிடும். சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடும்மா அது."

"கைய எடுங்க சார்."

எடுத்தார். எடுக்காமல் என்ன செய்வார்? அவள் பார்த்த பார்வை அப்படி.

லாட் எண், ப்ரைமர், தேய்ப்பு, இறுகிய போல்ட் என்று ஒன்றுவிடாமல் எழுதினாள்.

கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி. 'முதலில் சோதித்துப் பாஸ் செய்தவர்' என்று கேட்டிருந்தது.

அதில் தன் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதிவிட்டு, தோட்டாப் பெட்டிகளைத் திரும்ப வாங்க வெயிலில் இறங்கினாள்.