சோளக்காட்டுக்கு மேலே ஒரு விமானம்

மழைக்காக மேகத்தில் உப்பு தூவ இருப்பது ஒரே விமானம். அது இறங்கி நின்றது. இறக்கையிலிருந்த இருபத்து நான்கு உப்புக்குழல்களில் ஒன்றுகூட எரியவில்லை. பறக்குமுன் குழல்களிலிருந்து கழற்ற வேண்டிய பாதுகாப்பு ஊசிகளை மெக்கானிக் மறந்திருந்தார். அவருடைய தம்பியின் சோளம் மழையில்லாமல் இந்த வாரம் தாங்காது.

“என் தப்புதான் மேடம்.”

“நானும்தான் பார்க்காம ஏறிட்டேன். விடுங்கண்ணா,” என்றார் விமானி. பதினோரு வருடங்களில் அவர் யாரையும் கடிந்ததில்லை.

மெக்கானிக்கின் போன் அடித்தது. தம்பிதான் பேசினான்.

“அண்ணா, கொட்டுது. வரப்புக்கு மேல தண்ணி நிக்குது. ஓட்டுறவங்க கையைக் கண்ணுல ஒத்திக்கணும். இன்னும் தலைக்கு மேலதான் சுத்துறாங்க.”

மெக்கானிக் ஸ்பீக்கரைப் போட்டார். மழைச்சத்தத்தின் நடுவே விமான எஞ்சின் சத்தம் கேட்டது. விமானி அருகில் வந்து காது கொடுத்தார்.

“இடப்பக்கம் திரும்புறாங்க,” என்றார். “என்னைவிட நல்லாத் திருப்புறாங்க.”