ஒரு வயல் தள்ளி

“சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியாடா நீ?”

தமிழ்வாணி போட்ட சத்தத்தில், விளாங்குடி மண் பரிசோதனை நிலையத்துக் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. அழகுராஜா கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நான் என்னக்கா செஞ்சேன்? ஆர்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில கணக்கு ஓடுனா ஆமை வேகம்னு நீதான சொன்ன? அதான் வேகமா ஓடுற சி மொழியில எழுதி, கம்பைல் பண்ணிக் குடுத்தேன். உன் புரோகிராம் கூப்பிட்டதும் சட்டுனு விடை வருதுல்ல?”

“வருது, வருது! அடுத்தவன் விடை! ஆர் ஒன்னுல இருந்து எண்ணும், உன் சி சைபர்ல இருந்து எண்ணும். மொத வயலைக் கேட்டா உன் சி புரோகிராம் ரெண்டாவது வயலை எடுத்து நீட்டுது. அம்புட்டு ரிப்போர்ட்டும் ஒரு வயல் தள்ளி நிக்குதுடா!”

கடைசி வயலுக்கு அப்புறம் வயலே கிடையாது. அதனால் அதுக்கு மட்டும் கடல் தண்ணியைவிடக் கூடுதலாக உப்பு என்று கண்டபடி வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் குட்டே உடைந்தது.

அதற்குள் தப்பு ரிப்போர்ட்டெல்லாம் ஊர் ஊராகப் போய்விட்டது. ‘ஒருத்தன் கேஸ் போட்டாலும் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க’ என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டு வசவு வாங்கிக்கொண்டிருந்தாள் தமிழ்வாணி.

பாக்கி ஒரே ஆள், விருமாண்டி. மூக்குமேல் கோபம் வரும் மனுசன். ‘உப்பு மண், நெல்லுக்கு ஆகாது’ என்று ரிப்போர்ட் போனது அவருக்குத்தான். அவர் வயலை ஒட்டி, அடுத்த நம்பரில் இருப்பது தம்பி நல்லகாமன் வயல். ‘நல்ல மண்’ என்று வந்த தம்பி ரிப்போர்ட்டையும் “நானே குடுத்துர்றேன்” என்று அவரே வாங்கிப் போயிருந்தார்.

போன் பண்ணிய கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். சலவை வேட்டி, முகமெல்லாம் சிரிப்பு.

“தல்லாகுளத்துல ஒரு சோலி. முடிச்சுட்டு அப்படியே வாரேன். எதுக்குத் தாயி வரச் சொன்ன?” இடது கட்டைவிரல் மையை ஒரு தாளில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

வர்ற வசவு வரட்டும் என்று தமிழ்வாணி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். “மன்னிச்சுக்கங்கய்யா, எங்க கம்ப்யூட்டர்ல தப்பாயிருச்சு. உங்க மண்ணுல உப்பே இல்ல. நெல்லு பொன்னா விளையும். உப்பு உங்க தம்பி வயல்லதான்.”

விருமாண்டியின் சிரிப்பு அப்படியே செத்துப்போனது. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“அடப்பாவிகளா! நீங்க நாசமாப் போக!”

“ஐயா, நல்ல சேதிதான சொன்னேன்? அதுக்குப் போயி எதுக்கு வையிறீங்க?”

“காலையிலதான்டி தல்லாகுளம் பத்திர ஆபீஸ்ல என் வயலைத் தம்பி தலையில கட்டிட்டு, அவன் வயலை என் பேருக்கு எழுதிட்டு வாரேன்!”