தொண்டையில் ஒன்றுமில்லை

பசுவின் வாய்க்குள் கை விடப்போன பண்ணைக்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள் மாட்டு டாக்டரம்மா.

தொண்டையில் கிழங்கு சிக்கியிருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் அவர்.

கிழங்காவது, மண்ணாவது! எச்சில் நூல் நூலாக ஒழுகியது. கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. பின்னங்கால்கள் தள்ளாடின. பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

வெறிநோய். மூளைக்கு ஏறிவிட்டால் மாட்டுக்கு விழுங்க வராது. பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரியே இருக்கும். கையில் சின்னக் கீறல் இருந்து அதில் அந்த எச்சில் பட்டால் போதும்.

பசுவைத் தனியாகக் கட்டச் சொன்னாள். பாலைத் தொடக்கூடாது, செத்தால் தோலை உரிக்காமல் ஆழமாகப் புதைக்க வேண்டும், மற்ற மாடுகளுக்கெல்லாம் இன்றே தடுப்பூசி என்றாள். இது பிழைக்குமா என்று பண்ணைக்காரரின் மனைவி அழுதுகொண்டே கேட்டாள். பிழைக்காது என்றாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

நாய் ஏதாவது கடித்ததா என்று விசாரித்தாள். முன்பு ஒரு நாய் தொழுவத்தில் புகுந்து மாடுகளைக் கடித்துக் குதறியதாம். போன மாதம் இன்னொரு பசுவும் இப்படியே எச்சில் ஒழுகிச் செத்ததாம்.

அவள் இருவர் பக்கமும் திரும்பினாள்.

"அது வாயில யாரு கை விட்டது? மறைக்காதீங்க. இப்பவே ஊசி போட்டா தப்பிச்சுக்கலாம். நோய் வெளியில தெரிஞ்சிட்டா அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க யாரும் கிட்டயே போகல டாக்டரம்மா. உங்க வீட்டுக்காரர்தான் வந்தாரு. கடிச்சிடும், தள்ளி நில்லுங்கன்னு எங்கள விரட்டிட்டு, அவரே வெறுங்கைய விட்டுத் தேடினாரு. தொண்டையில ஒண்ணுமில்லன்னுட்டாரு."

அவரும் மாட்டு டாக்டர்தான். ஊரிலுள்ள மாடு, நாய்க்கெல்லாம் ஊசி போடுகிற மனிதர், தான் போட்டுக்கொள்ள வேண்டியதை மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். இங்கே வந்துபோனதைக்கூட வீட்டில் சொல்லவில்லை. அவருக்கு அது தினப்படி வேலை.

பாவம், நல்ல மனுஷர், இன்றைக்கு ஏன் வரவில்லை என்று பண்ணைக்காரரின் மனைவி கேட்டாள்.



இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று படுத்திருந்தார். காலையில் மாத்திரைக்காக அவள் நீட்டிய தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி என்ன அடம் என்று திட்டிவிட்டு, அவருக்குப் பதிலாகத்தான் இங்கே வந்திருந்தாள்.