கெடு முடியும் முன்

ஆட்களுக்காகத் தாமே வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட்டுகள் கோப்புகளை லிங்க்காக அனுப்பும் கருவிக்கு, அவை படித்து நடக்க வேண்டிய விளக்கக் குறிப்பை எப்சிபா எழுதிக்கொண்டிருந்தாள். ‘கெடு முடிந்தால் கோப்பு அழிந்துவிடும்’ என்ற வரிக்கு வந்ததும் கை ஓடவில்லை. மகன் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசிப் பதிவுசெய்து அனுப்பியதும் இப்படியொரு லிங்க்தான். அவனுடைய அடக்கம் முடிந்து, ஜெபித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவள் திறந்தபோது கெடு தாண்டியிருந்தது.

“நகருங்கக்கா, அந்த வரிய நான் அடிக்கிறேன்,” என்றான் பக்கத்து இருக்கை சர்புதீன்.

அவன் அடித்து முடித்ததும் அவள் கீழே சேர்த்தாள்: ‘அழிக்கும் முன், உரியவர் திறந்தாரா என்று பார். இல்லையென்றால் பொறு. இன்னொரு முறை சொல்லிப் பார்.’

“மெஷின்கிட்டப் போயி இப்படிக் கெஞ்சணுமாக்கா?”

“கெஞ்சித்தான் பாப்பமே, தம்பி. எந்த வீட்ல எந்த அம்மா இன்னும் திறக்காம வச்சிருக்காளோ.”

சர்புதீன் அவள் சேர்த்ததை மேலே, முதல் விதியாக ஏற்றி வைத்தான்.