கடைசியாக வருகிறவள்

பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டியம்மாவுக்கு இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு கண்டிப்புதான். "கடைசியா வர்றவங்க கதவைச் சாத்திடுங்க. இல்லேன்னா சருகெல்லாம் உள்ள வந்துடும்."

"கவலையே வேண்டாம். எங்க வீட்டுலயும் இவதான் கடைசி," என்றார் சுற்றிப்பார்க்க வந்தவர்களில் ஒருவர், பின்னால் நின்ற மனைவியைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள்.

வீடு வீடாக, அறை அறையாக அவளே சாத்திக்கொண்டு வந்தாள். ஒரு கதவருகிலாவது நின்று அவளைக் கூட்டிப்போக அவருக்குத் தோன்றவில்லை.

கடைசி வீட்டின் மாடியறையில் ரசம் போன கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பினாள். எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். அவள் கண்ணெதிரே கதவு வெளியிலிருந்து மெல்லச் சாத்தப்பட்டது.

"இருங்க, நான் உள்ள இருக்கேன்!"

இழுத்தாள், தட்டினாள், கத்தினாள். கதவு அசைந்துகொடுக்கவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். அதுவும் திறக்கவில்லை. கீழே எல்லோரும் சருகை மிதித்துக்கொண்டு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"கடைசி ஆளு கதவைச் சாத்தியாச்சா?" வழிகாட்டியம்மா திரும்பிக் கேட்டாள்.

"சாத்தியாச்சு," என்றது கீழேயிருந்து ஒரு குரல், ஜன்னலருகில் நின்றவளுடைய அதே குரல்.

வாசற்படியில் நின்ற கணவர் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். "ஆடி அசைஞ்சு வராதே. சீக்கிரம் வா."

வாசல் கூரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது.