தன்மத்தி கலக்கிய தண்ணீர்

"சாகாம நிக்கிறது யாரோட குருவி? முதல்ல அதைச் சொல்லுங்க டாக்டரம்மா, அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம்."

புத்ராம் கூண்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். போன மாதம் சாகக் கிடந்த அவனுடைய ட்வா-ட்வா குருவி, உள்ளே ஒய்யாரமாக விசிலடித்துக்கொண்டிருந்தது. எந்தக் குருவி அதிகம் விசிலடிக்கிறது என்று பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்காக ரம் கடை வாசலில் கூடியிருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

கால்நடை டாக்டர் மார்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெர்பீஸ் பக்கமெல்லாம் பந்தயக் குருவிகளுக்கு வயிற்றுப்போக்கு. எல்லாவற்றுக்கும் அவள்தான் மருந்து கொடுத்தாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை, வரிசையாகச் செத்தன. எப்படிக் கேட்கும்? விசில் நன்றாக வரும் என்று, கோழிப்பண்ணைக்கு விற்கிற மஞ்சள் நிற ஆன்டிபயாட்டிக் பவுடரைத் தினமும் தண்ணீரில் கலந்து கொடுக்கிற ஊர் இது.

"தினம் குடுத்தா கிருமிக்கு அது பழகிடும், நிஜமா நோய் வர்றப்போ மருந்து வேலை செய்யாதுன்னு கூட்டம் போட்டுத் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"என் குருவிக்கு வேலை செஞ்சுதே? நான் ஒரு நாள்கூடப் பவுடரை விட்டதில்லையே?"

அவளுக்குப் புரியாததும் அதுதான். அவள் கொடுத்த மருந்து கேட்டது இவன் குருவிக்கு மட்டும்தான்.

"நாமதான் கஞ்சத்தனமா கம்மியாக் கலந்துட்டோம் போலிருக்கு," என்றான் லல்மன். குருவியைப் பறிகொடுத்துவிட்டுப் புதுக் குஞ்சோடு வந்திருந்தான். "அண்ணே, நீ எந்தக் கடையில வாங்குறே?"

"எனக்கென்னடா தெரியும்? வாங்குறது, கலக்குறது எல்லாம் வீட்டுக்காரி பாத்துக்குவா. விசிலைக் கேக்குறது மட்டும்தான் என் வேலை."

ஓரமாக உட்கார்ந்து வறுத்த சன்னா விற்றுக்கொண்டிருந்த அவன் மனைவி தன்மத்தி எழுந்து வந்தாள்.

"நீங்க யாரும் கடைக்கு அலைய வேணாம் தம்பி. பொட்டலம் போட்டு நானே கொண்டாறேன். ஆனா, என் பவுடர் குடிக்கிற குருவிக்கு வேற எதையும் கலக்கக் கூடாது. கலந்தா பலிக்காது."

ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். மார்வா அவளைத் தரதரவென்று மாமரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"நீங்களுமா அக்கா? என் கூட்டத்துக்கு வந்து, சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினீங்க. இப்ப கடையே விரிச்சுட்டீங்க. மிச்சம் இருக்கிற குருவிக்கும் கொள்ளி வைக்கப் போறீங்களா?"

தன்மத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தாதீங்க டாக்டரம்மா. நீங்க சொன்ன அன்னிக்கே வீட்டுல போய்ச் சொன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னார். சரின்னு வாயை மூடிக்கிட்டேன். அன்னியிலேர்ந்து அந்தப் பவுடர் விக்கிற கடைப் பக்கமே நான் போகல. இவர் குருவி தினம் குடிக்கிறது கஸ்டர்ட் பவுடர்."

மார்வா திரும்பிப் புத்ராமின் கூண்டைப் பார்த்தாள்.

"கலர் ஒண்ணுதானே," என்றாள் தன்மத்தி.

அதற்குள் லல்மன் கூண்டோடு வந்து நின்றான்.

"எதைக் கேட்டாலும் வேணாம்பீங்க டாக்டரம்மா. இந்தக் குஞ்சுக்கு அக்காவோட பவுடரைக் குடுக்கலாமா, கூடாதா?"

இத்தனை வருஷத்தில் ஒரு பொய் மருந்துக்கும் வக்காலத்து வாங்காத டாக்டர் மார்வா, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தாராளமாக் குடு. ஆனா இவங்க பவுடர் மட்டும்தான். வேற எதைக் குடுத்தாலும் என்கிட்ட வராதே."